கோடு போட்ட வண்டி

தம்பி, ஒரு விடுகதை போடுகிறேன், பதில் சொல்லுங்கள். உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு, வரிக்குதிரை இல்லை. ரோட்டில் ஓடும், இன்னும் பேர் வைக்கவில்லை. கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் ஒருத்தனும் நம்ப மாட்டான். படத்தைக் காட்டினால் ஊரே சூழ்ந்துகொள்ளும். அது என்ன?

சிரிக்கிறீர்கள். தெரிந்துவிட்டது. டெஸ்ட் பைக்தான். நீங்கள் ஏறி உட்கார்ந்தபோதே நினைத்தேன், இவர் நம்ம ஆள் என்று. பஸ்ஸில் ஹெல்மெட்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர் சும்மா ஆபீசுக்கு வண்டி ஓட்டுகிறவராக இருக்க முடியாது. வண்டி அஞ்செட்டியில் மெக்கானிக்கிடம் நிற்கிறதா? சரி. நானும் அஞ்செட்டிக்குத்தான். தினமும் இந்த பஸ்தான். ஸ்டேஷனில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு இதே பஸ் திரும்பும்போது ஏறிக்கொள்வேன். கண்டிஷன் பெயில். என் வண்டியும் அந்த ஸ்டேஷன் வாசலில்தான் வேப்பமரத்தடியில் நிற்கிறது. டேங்க் மேலெல்லாம் காக்கா எச்சம். ஒரு துணி கொடுங்கள், துடைத்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். கிட்டேயே விட மாட்டேன் என்கிறார்கள்.

பயப்படாதீர்கள். நான் சண்டைக்காரன் இல்லை. முழுக்கக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

என் பேர் இருதயராஜ். சொந்த ஊர் எலத்தகிரி. ஓசூரில் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். தகட்டை வைப்பேன், பெடலை மிதிப்பேன், மேலே இருந்து ஒரே அடி. தகடு பிராக்கெட்டாக வெளியே வரும். இரண்டாவது அடி என்பதே அதில் கிடையாது. மனுஷனும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பேசிப் பேசி இழுத்தால் எதுவும் உருவாகாது.

நம்ம ஓசூர் வண்டிக் கம்பெனி பெரிய அட்வென்ச்சர் பைக் ஒன்று விடப்போகிறது என்று எத்தனை வருஷமாகப் பேச்சு! இந்தத் தீபாவளிக்கு வரும், அடுத்த பொங்கலுக்கு வரும் என்பார்கள். நீங்களும் அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உயரமான வண்டி, முன்சக்கரம் பெரிசு, கல் ரோடு, மண் ரோடு, ஓடையில் தண்ணீர், எதிலும் நின்றுகொண்டே ஓட்டலாம். என் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை. ஜெயசீலியிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். ஜெயசீலி என் மனைவி.

கம்பெனி அந்த வண்டியை இந்த மலையில்தான் ஏற்றி இறக்கிப் பார்க்கும். உருவம் தெரியக் கூடாது என்று மேலே கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். நாங்கள் கொஞ்சம் பேர் ஞாயிறு விடிந்ததும் ஏழாவது வளைவு டீக்கடையில் போய் நிற்போம். எங்கள் கூட்டத்துக்கே ‘ஏழாவது வளைவு’ என்றுதான் பேர். எங்களுக்கு முறை உண்டு. டெஸ்ட் வண்டியை மறிக்கக் கூடாது. தொடக் கூடாது. பின்னால் போகலாம், பக்கத்தில் போகக் கூடாது. ஓட்டுகிறவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினால், பார்த்தது போதும், விலகு என்று அர்த்தம். நாங்கள் விலகிவிடுவோம். அவர்கள் பிழைப்பு அது. முதலில் படம் எடுத்தவன் பேர்தான் அந்தப் படத்தோடு ஊர் சுற்றும். அந்தப் பேருக்காகத்தான் இவ்வளவும்.

வண்டி ஓட்டிக்கொண்டே நான் எப்படிப் படம் எடுப்பேன் என்று கேளுங்கள். என் மகள் ஷெரின் பின்சீட்டில் இருப்பாள். ஐந்தாம் வகுப்பு. என் பழைய போனை அவளுக்கே கொடுத்துவிட்டேன். நல்ல கண். அதைவிட நல்ல காது. வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே என்ன வண்டி, ஒற்றை சிலிண்டரா இரட்டையா என்று சொல்லிவிடுவாள். எங்கள் ஆட்களே வாயைப் பிளப்பார்கள். என் மேல் உயிர் அவளுக்கு. நான் அவளை ஒரு நாள் ஒரு பொழுதுகூட அடித்ததில்லை. அலமாரி மேலே இருக்கும் ஹெல்மெட்டை எடுக்க நான் கையைத் தூக்கினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். விடியற்காலைத் தூக்கக் கலக்கம். அவ்வளவு சீக்கிரம் எழுப்பினால் குழந்தை என்ன செய்யும்?

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று ஜெயசீலி ஒருமுறை குறுக்கே நின்றாள். அவளை நான் அடிக்கவில்லை. கதவைத்தான் அடித்தேன். பிளைவுட் கதவு, உள்ளே வெறும் காற்று, ஒரே குத்தில் கை அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? உதட்டில் லேசாகப் பட்டது. புதுக் கதவு நானேதான் மாட்டிக் கொடுத்தேன். அதை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

இப்போது குணசீலன் கதைக்கு வருகிறேன். அவன் இல்லையென்றால் நான் இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

குணசீலன் ராயக்கோட்டை ரோட்டில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறான். எங்கள் கூட்டத்தில் இருந்தவன். ஷெரின் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் டெஸ்ட் வண்டிக்குக் குறுக்கே போய் நிறுத்திப் படம் எடுத்தான். ஓட்டுகிறவர் தடுமாறிக் காலை ஊன்றிவிட்டார். நல்லவேளை, விழவில்லை. எனக்கு வந்ததே கோபம். முறை என்றால் முறை. டீக்கடையில் எல்லோர் முன்னாலும் ஓர் அறை. டம்ளர் அவன் வாயில் இருந்த நேரம் அது. உள்நாக்கு வரைக்கும் டீ, உதடெல்லாம் ரத்தம். இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டேன். ரோட்டில் ஓட்டுகிறவனை விழவைக்கப் பார்க்கிறவன் எல்லாம் மனுஷனா, நீங்களே சொல்லுங்கள்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு பழைய வண்டியை எடுத்து, ஃபைபரில் மூக்கு வைத்து, உயரமான ஹேண்டில்பார் மாட்டி, அச்சு அசலாகக் கோடு ஸ்டிக்கரைச் சுற்றி, அடுத்த மாதம் எங்கள் முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான். இரண்டு விரலையும் தூக்கிக் காட்டினான். நாங்கள் மரியாதையாக விலகினோம். ஷெரின் படம் எடுத்தாள். சத்தம் சரியில்லை அப்பா என்று அப்போதே சொன்னாள். நான் கேட்கவில்லை. படம் என் பேரோடு பரவியது. சென்னையில் இருந்தெல்லாம் போன் செய்து கேட்டார்கள். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. எட்டாம் நாள் குணசீலன் ஒரு வீடியோ போட்டான். சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரை உரிக்கிறான். உள்ளே பால்காரர் ஓட்டுகிற மாதிரி ஒரு நசுங்கிய வண்டி. கடைசியில் கேமராவைப் பார்த்துச் சொன்னான்: “இருதயம், திரும்பியும் வருவேன்டா. நீயும் திரும்பி படம் எடுப்ப.”

பிரஸ் ஷாப்பில் என் டிபன் பாக்ஸில் கோடு ஒட்டி வைத்தார்கள். உன் வண்டி வந்துருச்சா இருதயம், கோடு கோடா தெரியுதா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். ஒட்டினவனைக் கண்டுபிடித்து, ஸ்பேனரோடு இருந்த கையால் ஒரு தட்டு தட்டினேன். இரண்டு பல் போனது. அந்தப் பல் முன்னாடியே ஆடிக்கொண்டிருந்தது என்று அப்புறம் அவனே எல்லோரிடமும் சொன்னான். நான் பக்கத்தில் நிற்கும்போதுதான் சொன்னான்.

பிறகு குணசீலன் கடைக்குப் போனேன். பேசத்தான் போனேன். கையில் பழைய கிராஷ் கார்டு கம்பி இருந்தது, அவ்வளவுதான். கண்ணாடி, கட்டிங் மெஷின், அவன் விலா. அவனும் சும்மா இல்லை. ஸ்டிக்கர் வெட்டுகிற பிளேடால் இழுத்தான். இதோ பாருங்கள், மணிக்கட்டில் இருந்து முழங்கை வரைக்கும். தொட்டுப் பாருங்கள். கையை ஏன் இழுக்கிறீர்கள்? ஆறிப்போன தழும்பு. அக்கம்பக்கத்தார் வந்து பிரித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் அடி என்பதால் ஸ்டேஷனில் சமாதானம் எழுதி அனுப்பினார்கள். ஆனால் அவன் சொன்ன வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. திரும்பியும் வருவேன்டா.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. மலை இப்போதுதான் ஆரம்பிக்கிறது.

அன்றைக்கு நல்ல பனி. எங்கள் ஆட்கள் யாரும் வரவில்லை. அந்த வீடியோவுக்கு அப்புறம் என்னோடு வருவதற்கே வெட்கப்பட்டார்கள். நானும் ஷெரினும் மட்டும். டீக்கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். முன்னால் கோடு போட்ட வண்டி போகிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. வந்துவிட்டான். போனை எடு, நான் சொல்கிற வரைக்கும் நிறுத்தாதே, முழுக்க வீடியோவாக எடு என்று ஷெரினிடம் சொன்னேன். அவன் என்னை வைத்து எடுத்தானே, நான் அவனை வைத்து எடுக்கிறேன்.

ஷெரின் என் முதுகைத் தட்டினாள். “அப்பா, இது குணா மாமா இல்ல. ரெட்டை சிலிண்டர் சத்தம் கேக்குது. இது நெசம்ப்பா.”

வாயை மூடிக்கொண்டு எடு என்றேன். சைலன்சரையும் மாற்றியிருப்பான், அவனுக்கென்ன கஷ்டம்?

கிட்டே போனேன். ஓட்டுகிறவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு இரண்டு விரலைத் தூக்கினான். அவ்வளவுதான். எங்கள் முறை குணசீலனுக்கும் தெரியுமே, எங்களோடு டீ குடித்தவன்தானே. போன தடவையும் இப்படித்தானே காட்டினான். நான் பக்கத்தில் போய்விட்டேன். ஹெல்மெட்டைக் கழட்டுடா என்று கத்தினேன். அவன் என் பின்னால் இருந்த ஷெரினைக் கையால் காட்டி, உள்ளங்கையைக் கீழே கீழே என்று அசைத்தான். மெதுவாகப் போங்கள், குழந்தை இருக்கிறது என்று சொன்னானாம். அப்புறம் சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது அப்படிப் படவில்லை. அடங்குடா நாயே என்று சொல்வது போலத்தான் இருந்தது.

உதைத்தேன். ஒரே உதை.

இதோ, இந்த வளைவுதான். அந்தத் தடுப்புச் சுவரைப் பாருங்கள், புதுச் சிமெண்ட் தெரிகிறதா? வண்டி அங்கே மோதி, சுற்றி, இந்தப் பக்கம் வந்து விழுந்தது. அவன் அந்த மைல்கல்லில். பாருங்கள், பாருங்கள், பஸ் திரும்பிவிடும். பார்த்தீர்களா?

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள் தம்பி. முன்சீட்டில் வெயில் அடிக்கிறது. ஹெல்மெட்டை நான் வைத்துக்கொள்கிறேன், கொடுங்கள். நல்ல கனம். என்னுடையதும் இப்படித்தான் கனமாக இருந்தது.

நான் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஷெரினை அங்கேயே நின்று எடுக்கச் சொன்னேன். என் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அவனிடம் போனேன். அவன் கால் ஒரு மாதிரி பின்பக்கம் திரும்பியிருந்தது. நடிக்கிறான் என்று நினைத்தேன். அடிக்க ஓங்கினால் இரண்டு கையாலும் தலையை மறைக்கிறான். தலையில்தான் ஹெல்மெட் இருக்கிறதே, அப்புறம் எதற்குக் கை? அதனால் கையில் அடித்தேன். என்னவோ சொன்னான். கம்பெனி, கம்பெனி என்று மட்டும் கேட்டது. எந்தக் கம்பெனிடா, உன் ஸ்டிக்கர் கம்பெனியா என்று இன்னும் இரண்டு கொடுத்தேன். எலும்பு உடைகிற சத்தம் தகடு மடங்குகிற சத்தம் மாதிரி இருக்காது. ஈரக் குச்சி மாதிரி இருக்கும்.

பிறகு வண்டிக்கு வந்து ஸ்டிக்கரை உரித்தேன். நகத்தால்தான் உரித்தேன். ஷெரின், இதை எடு, உள்ளே இருக்கிற பழைய வண்டியைத் தெளிவாக எடு என்றேன்.

உள்ளே பழைய வண்டி இல்லை.

தம்பி, அதை எப்படிச் சொல்வேன். பெயிண்ட் அடிக்காத டேங்க், சாம்பல் நிறம். அந்த மாதிரி ஒரு வளைவை நான் எந்த டேங்கிலும் பார்த்ததில்லை. முன்னால் தங்க நிற ஃபோர்க். இரட்டை சிலிண்டர் இன்ஜின், அப்போதுதான் பிறந்த குழந்தை மாதிரி சூடாக இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த வண்டி. என் கை அதன் மேல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பக்கம் டேங்கில் இவ்வளவு பெரிய நெளிவு. அதைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது.

வீடியோ போதும், கிட்டே வந்து போட்டோ எடு என்று ஷெரினைக் கூப்பிட்டேன். அவள் வண்டியைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “அப்பா, இந்த அண்ணன் தண்ணி கேக்கறாரு.”

“மொதல்ல இதை எடும்மா. அப்புறம் தண்ணி.”

எடுத்தாள். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இன்ஜினை மட்டும் தனியாக. நிழல் விழாமல், ஆடாமல். அப்படி ஒரு படத்தை இந்த நாட்டில் யாரும் எடுத்ததில்லை. அப்புறம் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவன் வாயில் ஊற்றினாள். ஹெல்மெட் கண்ணாடியை அவள்தான் தூக்கிவிட்டாள். குணசீலன் இல்லை. மீசைகூடச் சரியாக அரும்பாத பையன். பேர் தீர்த்தகிரி, அரூர்ப் பக்கம், கம்பெனியில் டெஸ்ட் வண்டி ஓட்டுகிறவன் என்று அப்புறம் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்?

கீழே இருந்து கம்பெனி ஜீப் வருகிற சத்தம் கேட்டது. போனைப் பையில் போடு என்றேன். பையன் பனியில் தடுமாறி விழுந்துவிட்டான், நாங்கள் பார்த்து நிறுத்தினோம் என்று அவர்களிடம் சொன்னேன். அவன் அதற்குள் மயங்கிவிட்டான். குழந்தையோடு நிற்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? வண்டிமேல் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அவனைத் தூக்கும்போது தலைப்பக்கம் பிடித்தது நான்தான். அதை ஒருத்தரும் எழுதவில்லை.

போனை அங்கேயே பள்ளத்தில் வீசியிருக்கலாமே என்று என் வக்கீல் கேட்கிறார். எத்தனை தடவை கேட்டுவிட்டார்! வக்கீலுக்கு என்ன தெரியும்? அந்தப் போனில் அந்தப் படம் இருக்கிறது. ஸ்டிக்கர் இல்லாமல், அவ்வளவு கிட்டத்தில், அந்த வண்டி. அதை வீசச் சொன்னால் நீங்கள் வீசுவீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். வீச மாட்டீர்கள்.

வீட்டுக்கு வந்து ஷெரினை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னேன். வீடியோவை அழித்துவிடு, வண்டிப் படங்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். கொஞ்ச நாள் ஆறட்டும். வண்டி விற்பனைக்கு வருவதற்கு முன்னால் அந்தப் படத்தை வெளியே விடுவோம், இந்தத் தடவை என் பேரோடு உன் பேரும் வரும். புது வண்டியில் முதல் ஆளாக நீதான் உட்காருவாய். அவள் தலையாட்டினாள். அதற்கு மேல் குழந்தையிடம் என்ன கேட்பது? தினமும் காலையில் அழித்துவிட்டாயா என்பேன், ம் என்பாள். போன் பூட்டு, அது இது எல்லாம் அவள் போட்டு வைத்திருந்தாள், எனக்குத் திறக்கத் தெரியாது. ஒரு நாள் மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டேன். அன்றைக்கும் அடிக்கவில்லை. அலமாரியைத்தான் அடித்தேன்.

ஜெயசீலிக்கு எதுவும் தெரியாது. மகள் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீர்த்தகிரிக்கு நினைவு திரும்பியது. தொடையில் கம்பி வைத்தார்களாம். கைவிரல்கள் மடங்காதாம், இனி கிளட்ச் பிடிக்க முடியாதாம். கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுப்பார்கள், நல்லதுதானே, மழை வெயில் இல்லை. அவன் நடந்ததைச் சொல்லிவிட்டான். ஆனால் அவன் சொல்வது ஒரு பக்கம், நான் சொல்வது ஒரு பக்கம். பார்த்தவர்கள் யாருமில்லை. எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த வளைவில் இருந்தது ஷெரின்தான். அவள் சொல்வதில்தான் என் தலையே இருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். யூனிஃபார்ம் இல்லை, சாதாரணப் புடவை. ஜெயசீலி காபி போட்டுக் கொடுத்தாள். நான் ஜீப்காரர்களிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு தரையில் ஷெரினுக்கு எதிரே உட்கார்ந்து, உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம், வேண்டாமென்றால் விடலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்றார். நான் அவளைப் பார்த்தேன். வெறுமனே பார்த்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. நம்ம வண்டி வரப்போகுது கண்ணு என்று மட்டும் சொன்னேன்.

அவள் உள்ளே போய்த் தலையணைக்கு அடியில் இருந்து போனை எடுத்துவந்தாள். எனக்குப் பயமில்லை. வண்டிப் படம் இருந்தால் இருக்கட்டும், படம் எடுத்தது என்ன குற்றமா? அவள் பூட்டைத் திறந்து இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் நீட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

வண்டிப் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அழித்திருந்தாள். வீடியோவை வைத்திருந்தாள்.